திரும்பும் பாதி

வேதாரண்யத்தில் பூங்கோதை டீச்சரிடம் சைக்கிள் கற்றுக்கொள்ள வருகிற எல்லோருக்கும் ஏற்கெனவே சைக்கிள் ஓட்டத் தெரியும். பிறகு எதற்கு வருகிறீர்கள் என்று டீச்சர் யாரையும் கேட்டதில்லை. வந்தவர்களும் சொன்னதில்லை.

டீச்சருக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. ஒரு காலத்தில் இந்தக் கடற்கரை முழுவதையும் மேலிருந்து கீழ்வரை தனியாகச் சைக்கிளில் கடந்தவர். எப்படி இருந்தது என்று யாராவது கேட்டால், "வெயில் ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு வேறு வேலை பார்ப்பார்.

அவரிடம் வந்தவர்களில் வயதில் மூத்தவர் வேதையன். கடைத்தெருவில் மருந்துக்கடை வைத்திருப்பவர். டீச்சரைவிடப் பத்து வயதாவது கூடுதல். அதனால் டீச்சர் அவரை அண்ணே என்பார். அவர் டீச்சரை டீச்சர் என்பார். யார் குரு, யார் சீடர் என்பதில் இருவருக்கும் குழப்பம் இருந்ததில்லை.

வேதையனுக்கு வீட்டில் ஆரம்பசூரர் என்று பெயர். வயலின் ஆரம்பித்தார், இந்தி ஆரம்பித்தார், மாடியில் மல்லிகைத் தோட்டம் ஆரம்பித்தார். வயலின் இப்போது பரணில் இருக்கிறது. மல்லிகைத் தொட்டியில் மனைவி கறிவேப்பிலை வைத்துவிட்டார். சர்க்கரை வந்த பிறகு ஆரம்பித்த சைக்கிள் ஒன்றுதான் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கும் காரணம், பக்கத்துக் கடையில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கும் சவரிமுத்துவும் கூடவே ஒரு சைக்கிள் வாங்கியதுதான்.

தை மாதக் கடைசியில் ஒரு நெடும்பயணம் இருந்தது. மரக்காணத்துக் கழுவெளி ஏரிக்கரையில் புறப்பட்டு, கடலையும் சதுப்பையும் விடாமல் தொட்டுக்கொண்டு, கோடியக்கரையில் வந்து முடிக்க வேண்டும். இருவர் இருவராகப் போக வேண்டும். ஜோடியில் ஒருவர் மட்டும் வந்து சேர்ந்தால் அது சேர்ந்ததாகவே கணக்கில்லை. யாருக்கு யார் ஜோடி என்பதைப் பயணம் நடத்துகிறவர்களுக்கு டீச்சர் சொல்லியனுப்ப ஒரு நாள் சாயங்காலம் வரை கெடு இருந்தது.

அன்று விடிந்தும் விடியாமல் வேதையன் டீச்சர் வீட்டு வாசலில் வந்து நின்றார். தனியாக வந்திருந்தார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்கண்ணே."

"சவரிமுத்துவை மாத்திடுங்க. எனக்கு வேற ஜோடி போடுங்க."

டீச்சர் தன் சைக்கிள் டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"சண்டையா?"

"அதெல்லாம் இல்ல. அவன் தங்கமான ஆளு. என் கல்யாணத்துக்கு அவன்தான் போட்டோ புடிச்சான். ஆனா சைக்கிள்ல அவனால ஆகல டீச்சர்."

"எப்படிச் சொல்றீங்க?"

"கண்ணால பாக்குறேனே! நாங்க கோடியக்கரை போய்ட்டு வர்றதைப் பாதி பாதியாப் பிரிச்சுக்கிட்டோம். போற வரைக்கும் நான் முன்னாடி, அவன் பின்னாடி. திரும்பறப்ப அவன் முன்னாடி, நான் பின்னாடி. என் பாதியில வேக மீட்டரைப் பாருங்க, முள்ளு அசையாம நிக்கும். அவன் முன்னாடி போனான்னா சரசரன்னு இறங்கிடும். போக ஆவுற நேரத்தைவிட வர ரெண்டு மடங்கு ஆவுது. தூரம் அதேதானே?"

"தூரம் அதேதான்."

"நெடும்பயணத்துல இப்படிப் போனா எப்ப போய்ச் சேர்றது? நான் இழுத்துக்கிட்டு வந்ததையெல்லாம் அவன் விட்டுடுவான்." வேதையன் குரல் இறங்கியது. "பொண்ணு பெங்களூர்லேருந்து வர்றா டீச்சர். கோடியக்கரையில வந்து நிப்பேன்னு சொல்லியிருக்கா. இதையாச்சும் நான் முடிக்கணும். முடிக்காமப் போய் அவ மூஞ்சியில முழிக்க என்னால முடியாது."

அதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கிவிட்டது. ஐம்பதை நெருங்குகிற மனிதர் வாசலில் நின்று அப்படிச் சொன்னது டீச்சருக்குச் சங்கடமாக இருந்திருக்க வேண்டும். டயரை விட்டு எழுந்தார்.

"வாங்க, ஒரு நடை கோடியக்கரை வரைக்கும் போய்ட்டு வந்துடுவோம்."

"சவரிமுத்துவைப் பத்தி…"

"போய்ட்டு வந்து பேசுவோம்."

வழக்கப்படி வேதையன் முன்னால் போனார். டீச்சர் அவர் பின்சக்கரத்தை ஒட்டினாற்போல் வந்தார். நெடுந்தூரம் ஓட்டுகிறவர்கள் இப்படித்தான் போவார்கள். முன்னால் போகிறவர் காற்றைத் தள்ளிக்கொண்டு போவார், பின்னால் வருகிறவர் அந்த மறைவில் வருவார். பிறகு மாற்றிக்கொள்வார்கள். இது வேதையனுக்கும் தெரியும். பரீட்சை வைத்தால் எழுதுவார்.

அகத்தியம்பள்ளி தாண்டியது. சத்தியாக்கிரகத்தில் உப்பு அள்ளியவர்களுக்காக எழுப்பிய நினைவுத்தூண் பனிக்குள் பாதி கரைந்து நின்றது. அதன் பிறகு வீடுகள் இல்லை. சாலைக்கு இரண்டு பக்கமும் உப்பளம், உப்பளத்துக்கு அப்பால் சதுப்பு, சதுப்புக்கு அப்பால் என்ன என்பது தெரியவில்லை. தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று யாரும் கோடு போட்டு வைத்திருக்கவில்லை. நடுவில் சாலை மட்டும் ஈரமாக, கறுப்பாகத் தெற்கே போய்க்கொண்டிருந்தது.

வேதையன் மிதித்தார். மிதிக்கிறோம் என்ற நினைவுகூட இல்லாமல் மிதித்தார்.

சற்று நேரத்தில் அவருக்குச் சைக்கிள் ஓடுவதாகவே தோன்றவில்லை. சைக்கிள் ஒரே இடத்தில் நிற்கிறது, சாலைதான் அடியில் வழுக்கிக்கொண்டு போகிறது. காதில் சத்தம் இல்லை. சட்டை படபடக்கவில்லை. நெற்றியில் அரும்பிய வேர்வை அரும்பிய இடத்திலேயே இருந்தது. உப்புக் குவியல்கள் ஒவ்வொன்றாகப் பனிக்குள்ளிருந்து வெளியே வந்து, அவரைக் கடந்து, மறுபடி பனிக்குள் போயின. இந்தத் தண்ணீரில்தானே அந்தக் காலத்தில் பாய்மரங்கள் வந்து நின்றன என்று நினைத்தார். நினைத்ததும் குவியல்களுக்கு நடுவே ஒன்றிரண்டு பாய்கள் தெரிவது போலவும் இருந்தது.

பூநாரைகள் கூட்டம் கூட்டமாக நின்றிருந்தன. எல்லாம் ஒரே பக்கம் முகம் வைத்து, அவர் வருகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தன. வேதையனுக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவு மரியாதையோடு அவரை இதுவரை யாரும் எதிர்கொண்டதில்லை.

"டீச்சர், இன்னைக்குக் காத்தே இல்ல!" என்று திரும்பிப் பார்க்காமல் கத்தினார்.

"அப்படிங்களா?" என்றார் டீச்சர்.

மார்கழியும் தையும் இந்தக் கரையில் வாடைக்காற்றுக் காலம். வடகிழக்கிலிருந்து கிளம்பினால் இரவும் பகலும் நிற்காது. மீனவர்கள் அதைக் கேட்டுத்தான் படகை இறக்குவார்கள். வேதையனுக்கு வாடை வந்தது தெரிவதெல்லாம் கடையில் இருமல் மருந்து கூடுதலாக விற்பதை வைத்துத்தான்.

கோடியக்காடு வந்தது. மரங்கள் சாலையை மூடின. உள்ளே ஓரிடத்தில் மான்கள் இரண்டு தலைதூக்கிப் பார்த்தன. அப்புறம் காடு விலகி, கோடியக்கரை வந்து, கடல் வந்தது. மீட்டரைப் பார்த்த வேதையனுக்கு மனம் நிறைந்துவிட்டது. இவ்வளவு வேகமாக அவர் ஒரு நாளும் வந்ததில்லை.

சோழர் காலத்தது என்று ஊரார் சொல்லும் பழைய கலங்கரை விளக்கத்தின் மிச்சம் கரையில் கிடந்தது. கடல் அதைச் சரித்துப் போட்டுப் பல வருஷங்கள் ஆகிவிட்டன. இருவரும் அதற்குப் பக்கத்தில் டீ வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"பாத்தீங்களா டீச்சர்?"

"பாத்தேன். நல்லா வந்தீங்க."

"இப்ப சொல்லுங்க. நான் சொன்னது சரிதானே?"

டீச்சர் கரையில் ஏற்றி வைத்திருந்த படகுகளைப் பார்த்தார். ஒவ்வொரு படகிலும் ஒரு கொடி. எல்லாக் கொடிகளும் விறைத்துத் தெற்கே நீண்டிருந்தன.

வேதையனும் பார்த்தார்.

"அது கடல் காத்து டீச்சர். கரையில எப்பவும் அப்படித்தான் இருக்கும்" என்றார்.

டீச்சர் மிச்ச டீயைக் குடித்து முடித்தார்.

"அண்ணே, ஒண்ணு செய்யுங்க. திரும்பறப்பவும் நீங்களே முன்னாடி போங்க."

வேதையனுக்கு இது பரிசு கொடுத்த மாதிரி இருந்தது.

"தாராளமா! நீங்களே பாருங்க. நான் முன்னாடி போனா மீட்டர் இறங்குதான்னு பாருங்க. சவரிமுத்து எங்க விடுறான்னு உங்களுக்கே தெரிஞ்சிடும்."

"பாக்குறேன்" என்றார் டீச்சர்.

காட்டுக்குள் நன்றாகத்தான் போனது. உச்சிக் கிளைகள் ஆடிக்கொண்டிருந்தன, ஆனால் அடியில் அமைதி. வேதையன் பேசிக்கொண்டே போனார். மாத்திரைக் கம்பெனிக்காரர்களைப் பற்றிச் சொன்னார். மகள் சின்ன வயதில் சைக்கிளில் முன்கம்பியில் உட்கார்ந்து தூங்கிவிடுவாள் என்று சொன்னார். மீட்டர் இறங்கவில்லை. "பாருங்க டீச்சர்!" என்று இரண்டு தடவை காட்டினார்.

காடு முடிந்தது.

யாரோ நெஞ்சில் கைவைத்து நிறுத்தினார்கள். வேதையன் நிஜமாகவே பிரேக் பிடித்துவிட்டதோ என்று குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். சக்கரம் சரியாகத்தான் சுற்றியது. காதுக்குள் ஏதோ இரைந்தது. சட்டை முதுகுப்பக்கம் பந்தாக உப்பி அடித்துக்கொண்டது. எழுந்து நின்று மிதித்தார். நின்றதும் இன்னும் மோசமானது. மறுபடி உட்கார்ந்து, குனிந்து, கைப்பிடியில் மூக்கு உரசும்படி மிதித்தார்.

மீட்டர் சரசரவென்று இறங்கியது.

பனி விலகியிருந்தது. அதே உப்புக் குவியல்கள்தான் இப்போதும் எதிரே வந்தன. ஆனால் ஒன்று வந்து சேர்வதற்குள் அவருக்கு உயிர் போய்விட்டுத் திரும்பியது. கனவில் ஓடுகிறவன் மாதிரி கால் போய்க்கொண்டிருந்தது, இடம் நகரவில்லை. பூநாரைகள் நின்ற இடத்திலேயே நின்றன, பார்த்த பக்கமே பார்த்தன. இப்போது அவை எல்லாம் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தன.

பின்னாலிருந்து டீச்சரின் குரல் கேட்டது. வீட்டுக்கூடத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி சாவதானமான குரல்.

"அண்ணே, பறவையெல்லாம் ஒரே பக்கம் பாத்துக்கிட்டு நிக்குதே, எதுக்கு?"

வேதையன் வாயைத் திறந்தார். வாய்க்குள் காற்றுதான் போனது. தலையை மட்டும் ஆட்டினார்.

மிதித்தார். உப்பளத்தில் ஒரு பெண் தலையில் கூடையோடு உடம்பைச் சாய்த்து நடந்து போனாள். அவளும் நகர்வதாகத் தெரியவில்லை. சாலை முடிவில்லாமல் நீண்டுகொண்டே போனது. இதற்கு முன் இந்தச் சாலையில் இத்தனை முறை வந்திருக்கிறோமே, இது இப்படி ஒரு சாலை என்று நமக்கு ஏன் தெரியவில்லை என்று நினைத்தார். எல்லா முறையும் இந்த இடத்தில் அவருக்கு முன்னால் ஓர் அகன்ற முதுகு இருந்திருக்கிறது. நீலச் சட்டை, நடுவில் வேர்வை வட்டம். அந்த முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, எட்டிப் பார்த்து, மீட்டர் இறங்குவதை எண்ணிக்கொண்டு வந்திருக்கிறார். அழலாம் என்றால் அதற்கும் மூச்சு இல்லை.

"பொண்ணு என்னைக்கு வருதுண்ணே?" என்று பின்னாலிருந்து கேட்டார் டீச்சர்.

வேதையன் ஒரு கையைத் தூக்கப் பார்த்தார். சைக்கிள் ஓரத்துக்கு ஓடியது. சட்டென்று கையைக் கீழே வைத்துவிட்டார்.

கால் மரத்துப் போனது. பல்லில் உப்பு நறநறத்தது. நினைவுத்தூண் தூரத்தில் ஒரு குச்சியாகத் தெரிந்தது. அப்புறமும் வெகுநேரம் குச்சியாகவே இருந்தது.

"சவரிமுத்துவுக்குப் பதிலா யாரைப் போடலாம் அண்ணே?" டீச்சர் மூன்றாவது முறையாகக் கேட்டார். "சொன்னீங்கன்னா சாயங்காலம் அனுப்பிடலாம்."

வேதையன் காதில் அது விழுந்தது. நன்றாகவே விழுந்தது. வேண்டாம் டீச்சர், யாரையும் போடாதீங்க என்று திரும்பிக் கத்த வேண்டும் போல இருந்தது. மிதிப்பதை நிறுத்தினால்தான் கத்த முடியும். நிறுத்தினால் மறுபடி கிளம்ப முடியாது. மிதித்துக்கொண்டே இருந்தார்.

நினைவுத்தூண் வந்ததும் சைக்கிளைப் புல்லில் போட்டுவிட்டு, பக்கத்திலேயே மல்லாந்து படுத்துவிட்டார். டீச்சர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கையில் கொடுத்தார். பாதி வாயில் போயிற்று, பாதி கழுத்தில் வழிந்தது. வெயில் ஏறியிருந்தது. ஒரு மாட்டு வண்டி கடந்து போனது.

"பாதி பாதின்னு பிரிச்சீங்களே அண்ணே" என்று டீச்சர் ஆரம்பித்தார். "அது யாரு சொன்ன யோசனை?"

வேதையன் வானத்தைப் பார்த்தபடி இருந்தார்.

"அவன்தான் சொன்னான்" என்றார். "முத நாளே சொன்னான். 'நீ கொண்டு போ, நான் கொண்டாந்து சேக்குறேன்'னான்."

"ம்."

"எனக்கு அப்பவே சர்க்கரை கூட இருந்துச்சு. அவனுக்கு அது தெரியும். நான் மாத்திரை போட்டுக்கிறப்ப பாத்திருக்கான்."

டீச்சர் பாட்டிலை வாங்கி மூடினார்.

வேதையன் எழுந்து உட்கார்ந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைத்தது வேர்வையா கண்ணீரா என்று டீச்சர் பார்க்கவில்லை.

"ஜோடியை மாத்த வேணாம் டீச்சர். அவன் பேரே இருக்கட்டும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவன் என்கூட வருவானா?" என்று கேட்டார்.

"அது நீங்க அவர்கிட்ட கேக்கணும்."

"கேக்குறேன். கடையைத் திறக்கறதுக்கு முன்னாடியே போய்க் கேக்குறேன். இனிமே எதிர்காத்துல நானும் முறை வச்சு முன்னாடி போறேன்னு சொல்றேன்."

சைக்கிளை நிமிர்த்தினார். ஏறுவதற்குக் காலைத் தூக்கியவர் அப்படியே நின்றார். அவருக்குள் இன்னும் ஏதோ அடங்காமல் இருந்தது. அது கோபம்தான். வெட்கப்பட்ட மனிதனுக்கு வருகிற கோபம்.

"ஆனாலும் டீச்சர், அவன் செஞ்சது தப்பு. இத்தனை நாள் என்னை முட்டாளாக்கிட்டான். நான் பின்னாடி உக்காந்துக்கிட்டு அவனை என்னென்னமோ நெனச்சேன். டீக்கடையில நாலு பேருகிட்ட சொல்லியும் தொலைச்சேன். 'வேதா, எதிர்காத்துடா, கஷ்டமா இருக்குடா'ன்னு ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன? அவன் ஏன் டீச்சர் சொல்லல?"

டீச்சர் தன் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தார். ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு அவரைப் பார்த்தார்.

"வழியில நானும் உங்களை மூணு தடவை கேட்டேனே அண்ணே. நீங்க ஏன் சொல்லல?"